மரச்சீனிக்கும் மீன்கறிக்கும் கணக்குப் பார்க்கையில் நாம் விடும் பிழைகள்

ஓட்டல் பில் மேசைக்கு வந்ததும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "இந்தக் காசுக்கு வீட்டில் நான்கு நாள் சமைத்திருக்கலாமே." எங்கள் வீட்டில் அதைச் சொல்பவன் நான்தான். எத்தனையோ வருடமாகச் சொல்லிவந்தேனே தவிர, உண்மையில் ஒருநாள்கூடக் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. போன வருடம் ஆவணி தொடங்கி ஐப்பசி வரை மூன்று மாதம் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். ஓட்டலில் கொடுத்தது, சந்தையில் கொடுத்தது, குப்பைக்குப் போனது, அடுப்படியில் செலவான நேரம் என்று ஒன்றும் விடவில்லை. வெளியில் சாப்பிடுவது லாபமா, வீட்டில் சமைப்பது லாபமா என்ற கேள்விக்குப் பொதுவான ஒரு பதில் அதில் கிடைக்கவில்லை. ஆனால் கணக்குப் போடும்போது எந்தெந்த இடத்தில் வழுக்கி விழுகிறோம் என்பது நன்றாகத் தெரிந்தது.

முதல் பிழை, சந்தை விலையை மட்டும் வீட்டுச் செலவாக எடுத்துக்கொள்வது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை அப்படியே சொல்கிறேன். மீன் கொண்டுவரும் அக்காவிடம் ஒரு கிலோ சாளை 160 ரூபாய்க்கு வாங்கினோம். மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, கிலோ 30 ரூபாய், இரண்டு கிலோ. ஆக 220 ரூபாயில் நான்கு பேருக்கு மத்தியானச் சாப்பாடு என்று எழுதப் போனேன். மனைவி நோட்டை வாங்கி வைத்துவிட்டு, சுத்தம் செய்த சாளையை எடைத்தட்டில் வைத்தாள். தலை, செதில், குடல் எல்லாம் போக 640 கிராம் நின்றது. சட்டிக்குள் போன மீனின் விலை அப்படியானால் கிலோ 250 ரூபாய். மரச்சீனியிலும் தொலியும் நாரும் முனையும் போக ஒன்றரைக் கிலோதான் பானைக்குப் போனது. பிறகு மெதுவாக ஒவ்வொன்றாக வந்தன: அரைக்க ஒரு தேங்காய் 30 ரூபாய், சின்ன உள்ளி, வற்றல் மிளகாய், மல்லி, புளி, எண்ணெய் எல்லாம் சேர்த்து இன்னொரு 30. எங்கள் வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று சுமார் 45 நாள் வரும். அதற்கு 900 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 20 ரூபாய். கிழங்கு வேகவும் மீன் கொதிக்கவும் அதில் பாதி போய்விடும். மொத்தம் 290 ரூபாய் ஆனது. நான் மனக்கணக்கில் விட்டது 70 ரூபாய்.

அதே கிழங்கும் மீன்கறியும் நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு ஆளுக்கு 130 ரூபாய், நான்கு பேருக்கு 520. வித்தியாசம் 230 ரூபாய். வீட்டுச் சட்டியில் மிச்சமிருந்த குழம்பு மறுநாள் காலை தோசைக்கு இன்னும் ருசியாக இருந்தது என்பதையும் வீட்டுப் பக்கமே எழுத வேண்டும். நம் குமரி மாவட்டத்தில் முந்தின நாள் மீன்கறிக்கு இருக்கும் மதிப்பு எந்தக் கடைக்கும் கிடையாது.

இந்த 230 ரூபாயைத்தான் "மிச்சம்" என்கிறோம். அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. அன்று மீன் வெட்டிக் கழுவ 35 நிமிடம். கிழங்கு தொலிக்க 20 நிமிடம். அரைத்து, கொதிக்கவைத்து, தாளித்து இறக்க 40. சட்டி பானை கழுவ 20. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 230 ரூபாயை இரண்டால் வகுத்துப் பாருங்கள். மிச்சம் என்று நாம் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது, சமைத்தவருக்குக் கொடுக்காமல் விட்ட கூலி.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது நோட்டு மட்டுமல்ல. என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், வேலை பார்த்தவர். உடைப்புப் பிரிவில் இருந்தார். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை கிலோ உடைத்தார் என்பது தினமும் எடைபோட்டு எழுதப்படும். அண்டி ஓட்டின் பால் பட்டு விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அதே விரலால் மாலையில் வந்து கிழங்கு தொலிப்பார். பகலில் அந்தக் கைக்கு எடைக்கு எடை விலை இருந்தது. வீட்டு வாசல் தாண்டியதும் அந்தக் கையின் வேலைக்குக் கணக்கே இல்லை. இந்த மாவட்டத்தில் அப்படி வளர்ந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். "வீட்டில் செய்தால் லாபம்" என்று சொல்லும் உரிமை யாருக்கு என்று நாம் கேட்டுக்கொள்ளவே இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். சமைக்கும் நேரத்துக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு ஓட்டலை விலை அதிகம் என்பது கணக்கில் செய்யும் பிழை மட்டுமில்லை, வீட்டில் செய்யும் அநியாயமும்கூட.

அதற்காகச் சமையலைக் கூலிவேலை என்று ஒதுக்கவும் வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து, பேசிக்கொண்டே செய்த நாட்களில் நேரம் பாதியாகக் குறைந்ததையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். மீன் வெட்டுவது இப்போது என் வேலை.

அடுத்த பிழை, எத்தனை பேர் சாப்பிடுகிறோம் என்பதைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது. அவியலை எடுத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காய், சேனை, ஏத்தங்காய், வெள்ளரிக்காய், தடியங்காய், மாங்காய் என்று ஆறேழு காயாவது வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டில் இரண்டு வேளைக்கு ஓடும். தனியாக அறை எடுத்து நாகர்கோவிலில் வேலை பார்க்கும் ஒருவர், ஒரு ஆளுக்கான அவியலுக்கு இந்தக் காய்களைக் கால் துண்டாக எங்கே வாங்குவார்? வாங்கினால் பாதி அழுகும். ஓட்டலில் நூறு பேருக்கு ஒரே உருளியில் வைப்பதால் அந்த அவியல், எரிசேரி, புளிச்சேரி, பப்படம், பாயசம் எல்லாம் ஒரு சாப்பாட்டு விலைக்குள் வந்துவிடுகின்றன. தனி ஆளுக்கு மத்தியானச் சாப்பாட்டைக் கடையில் வைத்துக்கொண்டு, காலையும் இரவும் புட்டு, கஞ்சி, பயறு என்று அறையில் முடித்துக்கொள்வது நிஜமாகவே சிக்கனம். ஓணத்துக்கு இருபது கறி வைக்க வேண்டும் என்று மூன்று பேர் உள்ள வீட்டில் முந்தின நாளே தொடங்கித் தளர்ந்து போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: நான்கு கறி வீட்டில் வையுங்கள், மற்றதை ஒரு நல்ல கடையில் சொல்லிவையுங்கள்.

வீட்டுத் தென்னைக்கு விலை போடாமல் விடுவது நம் மாவட்டத்துக்கே உரிய பிழை. "தேங்காய் நம்முடையது, காசு இல்லை" என்கிறோம். விற்றால் காசு வரும் பொருளுக்கு அரைத்தாலும் அதே காசுதான். மரம் ஏறுகிறவருக்குக் கொடுக்கும் கூலியும் அதில் சேரும். மட்டிப்பழமும் பலாப்பழமும் அப்படியே. ஆனால் முற்றத்தில் நிற்கும் முருங்கைக் கீரையையும் பப்பாளிக் காயையும் தாராளமாக இலவசமாக எழுதிக்கொள்ளுங்கள். நாம் பறிக்காவிட்டால் யாரும் வாங்கப்போவதில்லை. ரேஷன் பொருளைக் கணக்கில் விடுபவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இவற்றைப் பயன்படுத்தும் வீட்டில் தினசரிச் சாப்பாட்டின் அடக்க விலையை எந்தக் கடையும் நெருங்க முடியாது.

இனி சாயாக்கடை. எங்கள் நோட்டில் என்னை அதிகம் உறுத்திய பக்கம் இது. மூன்று மாதத்தில் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனது இரண்டு முறை, மொத்தம் 2,460 ரூபாய். இரண்டு தடவையும் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு நடந்தது. அதே மூன்று மாதத்தில் நான் ஒருவன் மட்டும் வேலைநாட்களில் இரண்டு சாயாவும் ஒரு ரசவடையும் சாப்பிட்டது, தினம் 40 ரூபாய், 78 நாளுக்கு 3,120 ரூபாய். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நான் உட்பட. பெரிய பில் கண்ணில் குத்துகிறது, சில்லறை கண்ணுக்குத் தெரிவதில்லை. சாயாக்கடையை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். கடல் எப்படி இருக்கிறது, யார் வீட்டில் கல்யாணம், ரப்பர் என்ன விலை என்பதெல்லாம் தெரியவரும் இடம் அது. நாளுக்கு ஒரு சாயா என்று குறைத்துக்கொண்டேன். ரசவடையை விடவில்லை.

பார்சலும் செல்போன் ஆர்டரும் சுருக்கமாக. ஆப்பில் காட்டும் விலை கடை விலையாகவே இருக்கும் என்று நினைக்கக்கூடாது. பாக்கிங், டெலிவரி, ஆப்பின் தனிக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்த கடைசி வரியைக் கடைப் பலகையில் உள்ள விலையோடு ஒப்பிடுங்கள். சாதாரண ஓட்டல்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைகள் அதைத் தனியாகப் பில்லில் போட்டு வாங்கக்கூடாது. சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லலாம், கூச்சப்பட வேண்டாம்.

மீன் விலையைப் பொறுத்தவரை காலத்தைப் பார்க்காமல் கணக்குப் போடுவது பெரிய தவறு. நம் மாவட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக்கு ஒன்று, மேற்குக் கடற்கரைக்கு ஒன்று என இரண்டு மீன்பிடித் தடைக்காலம் உண்டு. கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாது. மேற்கே முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை போகாது. ஜூனின் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு நிற்கும். அந்த நாட்களில் ஆவணி மாத விலையை மனதில் வைத்துக்கொண்டு "வீட்டில் மீன்கறி வைத்தால் லாபம்" என்றால் கணக்கு உதைக்கும். அப்போது எங்கள் வீட்டில் உள்ளித் தீயலும் பயறு துவரனும்தான். கடைகளில் பொரித்த மீனை விலை கேட்காமல் எடுக்கவும் வேண்டாம். துண்டின் அளவுக்கு ஏற்ப விலை சொல்லும் இடங்களில் தட்டில் வைக்குமுன் கேட்டுவிட வேண்டும்.

கன்னியாகுமரிக்கு விருந்தாளிகளை அழைத்துப் போகும் நாட்களில் இது இன்னும் முக்கியம். 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு படகுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெயிலில் நின்று, பிள்ளைகள் பசியில் அழத் தொடங்கிய பிறகு யாரும் விலைப்பலகையைப் படிப்பதில்லை. முதலில் தெரிந்த கடைக்குள் நுழைந்துவிடுவோம். முந்தைய தலைமுறை வாழையிலையில் புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் கட்டிக்கொண்டு போனது ஏழ்மையால் மட்டும் அல்ல. பசி வந்தபின் பேரம் பேச முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முழுச் சாப்பாடு கட்ட நேரமில்லை என்றால் ஒரு சீப்பு மட்டிப்பழமும் அவித்த கப்பலண்டியும் (நிலக்கடலை) தண்ணீரும் போதும். பசி தாங்கும், மத்தியானம் நிதானமாகக் கடை பார்த்து உட்காரலாம்.

ஒரு நல்ல நாளில் "இனிமேல் வெளியே சாப்பாடே கிடையாது" என்று முடிவெடுத்து, நாகர்கோவில் வடசேரிச் சந்தையிலிருந்து ஒரு வாரக் காய்கறியைச் சாக்கில் வாங்கிவருவதையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை கீரை மஞ்சளித்தது, வெண்டைக்காய் முற்றியது, வெள்ளிக்கிழமை இரவு எல்லோரும் களைத்துப் பரோட்டா வாங்கினோம். அந்த வாரம் சந்தைச் செலவும் கடைச் செலவும் இரண்டும் விழுந்தன. பானையில் சோறு இருக்கும்போது வெளியே சாப்பிடக் கிளம்புவதும் இதே ரகம். அன்றைய பில்லோடு கொட்டப்போகும் சோற்றின் விலையையும் கூட்ட வேண்டும். அல்லது தண்ணீர் ஊற்றிவைத்து மறுநாள் பழைய சோறாக்கிவிட வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு அடுப்பு எரிவதில்லை. பரோட்டா மட்டும் கடையில் வாங்குகிறோம். மாவு பிசைந்து, வீசி, அடுக்கெடுத்து நாலு பேருக்குச் சுடுவதைவிட அது எப்படிப் பார்த்தாலும் மலிவு. முட்டைக்கறி வைக்கத் தோன்றினால் மகள் வைப்பாள், இல்லையென்றால் கடைச் சால்னா. எந்தக் கடை என்பதை, வாரம் முழுவதும் சமைத்த என் மனைவிதான் சொல்வாள். எழுபது வயது அம்மா கையைக் கழுவிவிட்டு முதல் ஆளாக வந்து உட்காருகிறார்.