சூடானா மட்டும் நின்னு போற இன்ஜின்: பார்ட்ட மாத்துறதுக்கு முன்னாடி இத பாருங்க

வீட்டுலயே பைப் வெல்ட் பண்ணி, பழைய 796 சிசி மூணு சிலிண்டர் இன்ஜின் வச்சு கட்டுன வண்டி, காலைல ஜம்முனு ஓடும், பெங்களூரு சில்க் போர்டு சிக்னல்ல மாட்டுனா பொசுக்குனு ஆஃப் ஆயிடும், பத்து நிமிஷம் கழிச்சு ஒண்ணும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். நானும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்குற ஜேசி ரோட்டுக்கு நடையா நடந்து காயில், பிளக்கு, பம்புன்னு மாத்துனேன், எல்லாம் தண்டச் செலவு.

நின்ன அந்த நிமிஷமே பாக்கணும், ஆறவிட்டா கோளாறு ஒளிஞ்சுக்கும். பிளக் வயர்ல ஸ்பார்க் டெஸ்டர (தீப்பொறி வருதான்னு காட்டுற கருவி) மாட்டி ஒருத்தர செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க (பெட்ரோல் வாடை அடிச்சா வேணாம்). ஸ்பார்க் நீலமா பளிச்சுனு வந்தா பெட்ரோல் பக்கம் போங்க, டேங்க் மூடிய திறந்ததும் புஸ்ஸுனு காத்த உள்ள இழுத்தா வென்ட் (டேங்குக்குள்ள காத்து போற ஓட்டை) அடைப்பு. பெட்ரோல் லைன் சைலன்சர் பைப்ப ஒட்டிப் போனாலும் கொதிச்சு ஆவியாகி இதே கதைதான்.

ஸ்பார்க் மஞ்சளா சோம்பலா வந்தா, வீட்ல கட்டுன வண்டின்னா என் சந்தேகம் முதல்ல எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புற இணைப்பு) மேலதான். சூடானதும் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்ல, அத ஓடவிட்டு மல்டிமீட்டர டிசி வோல்ட்ல வச்சு பேட்டரி நெகட்டிவ்ல ஒரு முனை, சேசிஸ்ல (வண்டியோட ஃபிரேம்) இருக்குற எர்த் போல்ட்ல இன்னொண்ணு வைங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டுனா கோளாறு அங்கதான். எனக்கு கிட்டத்தட்ட 2 வோல்ட் காட்டுச்சு, போல்ட்ட கழட்டிப் பாத்தா அடியில நானே ஆசையா அடிச்ச சிவப்பு பெயின்ட்! சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கி, இன்ஜின் பிளாக்குலருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேரா தடி வயர் ஒண்ணு இழுத்தேன்.