மாசமா இருக்கும்போது ட்யூட்டி டைம் மாத்திக் கேக்குறது எப்படி: யூகேக்குப் புதுசா வந்த நம்ம பொண்ணுங்களுக்கு

இங்க வந்து வேலைல சேர்ந்து கொஞ்ச நாள்லயே மாசமாயிட்டா நம்மள்ல நிறைய பேரு பயந்துபோய், "நானே ஹவர்ஸ் குறைச்சுக்கிறேன்"னு மேனேஜர்கிட்ட சொல்லிடறோம். தயவுசெஞ்சு அத மட்டும் அவசரப்பட்டு பண்ணாதீங்க. நேரத்த மாத்தித் தாங்கன்னு கேக்குறது வேற, குறைச்சுத் தாங்கன்னு கேக்குறது வேற.

நான் 2024ல ஒரு கேர் ஹோம்ல இருந்தேன், வாரத்துக்கு மூணு லாங் டே, காலைல 8லேர்ந்து ராத்திரி 8 வரை, மொத்தம் 36 மணி நேரம். மசக்கை பயங்கரம். காலை டிஃபன் கொடுக்கிற நேரத்துல டைனிங் ரூம்ல பேக்கன் வறுக்கிற வாசனை வந்ததும் ட்ரேய அப்படியே வச்சுட்டு ஸ்டாஃப் டாய்லெட்டுக்கு ஓடுவேன். பத்து மணிக்கு மேல சரியாயிடும். மேனேஜர்கிட்ட சொன்னேன், அவங்க சிரிச்சுக்கிட்டே "வாரம் 20 மணி நேரமா குறைச்சுக்கோ, உனக்கும் நல்லது"ன்னு ஒரு பேப்பர நீட்டினாங்க. நானும் நன்றின்னு வாங்கிட்டேன். கூட வேலை செஞ்ச யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்கதான் "அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதேங்கோ, சம்பளம் குறைஞ்சா மெட்டர்னிட்டி காசும் குறையுமெல்லோ"ன்னு தடுத்தாங்க.

அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. மெட்டர்னிட்டி சம்பளம் முதல் 6 வாரம் நம்ம சராசரி வார சம்பளத்துல 90 சதவீதம், அப்புறம் 33 வாரம் ஃப்ளாட் ரேட் (அரசாங்கம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வச்ச தொகை), இல்லன்னா அதே 90 சதவீதம், எது கம்மியோ அது. அந்த சராசரிய டியூ டேட் வர்ற வாரத்துக்கு 15 வாரம் முன்னாடி வர்ற வாரத்த வச்சு, அதுக்கு முந்தின 8 வார சம்பளத்துல போடறாங்க, அதாவது தோராயமா கர்ப்பத்தோட 18லேர்ந்து 25ஆவது வாரம் வரைக்கும் உங்க பேஸ்லிப்ல என்ன வருதோ அதான். மணிக்கு 12 பவுண்டுன்னு வச்சுக்கோங்க. 36 மணி நேரத்துக்கு 432 பவுண்டு, 20 மணி நேரத்துக்கு 240 தான். 90 சதவீதம் போட்டா வாரத்துக்கு 172 பவுண்டுக்கு மேல வித்தியாசம், 6 வாரத்துல ஆயிரம் பவுண்டுக்கு மேல கைவிட்டுப் போயிடும். உடம்பு முடியாம ஹவர்ஸ் குறைச்சே ஆகணும்னா, முடிஞ்சா அந்த 8 வாரம் தாண்டினப்புறம் குறைங்க.

இன்னொரு விஷயம், நம்ம ஊர்ல மூணு மாசம் முடியாம வெளியில சொல்லக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லியிருப்பாங்க, கண்ணு பட்டுடும்னு. சொந்தக்காரங்களுக்கு சொல்லாதீங்க, பரவாயில்ல, ஆனா வேலை செய்யற இடத்துல சீக்கிரமா எழுத்துல சொல்லிடுங்க, ஒரு இமெயில் போதும். எழுத்துல சொன்னப்புறம்தான் உங்களுக்குன்னு தனியா ரிஸ்க் அசெஸ்மென்ட், அதாவது உங்க வேலையில என்ன ஆபத்து இருக்குன்னு ஆராய்ஞ்சு பாக்குறது, பண்ற கடமை அவங்களுக்கு வருது. ஆளைத் தூக்கறது, ரொம்ப நேரம் நிக்கிறது, இதுல ஆபத்து இருந்தா நேரத்தையோ வேலையையோ மாத்தணும், முடியலன்னா பொருத்தமான வேற வேலை தரணும், அதுவும் முடியலன்னா முழு சம்பளத்தோட வீட்டுல இருக்க விடணும். நைட் ட்யூட்டி ஆகாதுன்னா ஜிபி (உங்க ஏரியா டாக்டர்)கிட்டயோ மிட்வைஃப் (பிரசவம் பாக்குற நர்ஸ்)கிட்டயோ சர்டிஃபிகேட் வாங்கிக் கொடுங்க. இது தயவு கேக்குற விஷயமே இல்ல, அதனால உடம்பு சம்பந்தப்பட்டத எல்லாம் இந்த வழியில கேளுங்க, சம்பளம் குறையாது. மெட்டர்னிட்டி லீவுக்கான நோட்டீஸும் டியூ டேட் வாரத்துக்கு 15 வாரம் முன்னாடியே கொடுக்கணும், ஏழாம் மாச வளைகாப்பு வரைக்கும் காத்திருந்தா லேட்டாயிடும்.

மத்தபடி பஸ் கூட்டம், காலை நேரம், வீட்டுலேர்ந்து வேலை, இதுக்கெல்லாம்தான் ஃப்ளெக்ஸிபிள் வொர்க்கிங் ரிக்வெஸ்ட், அதாவது வேலை நேரத்தையோ இடத்தையோ மாத்தித் தாங்கன்னு எழுதிக் கேக்குறது. 2024 ஏப்ரல் 6லேர்ந்து வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேக்கலாம், 12 மாசத்துல ரெண்டு தடவை. ஏஜென்சி ஆளுங்களுக்கு பொதுவா இது கிடையாது, நார்தர்ன் அயர்லாந்துல ரூல் வேற. எழுதும்போது தேதி போட்டு, இது சட்டப்படியான ரிக்வெஸ்ட்னு ஒரு வரி கண்டிப்பா எழுதுங்க, என்ன மாத்தணும், எந்த தேதியிலேர்ந்து, முன்னாடி கேட்டிருந்தா எப்ப, அவ்வளவுதான். ஒப்புக்கிட்டா அது நிரந்தர மாற்றமா ஆயிடலாம், அதனால "மெட்டர்னிட்டி லீவ் ஆரம்பிக்கிற வரைக்கும்"னு முடிவு தேதியும் சேர்த்துடுங்க. அவங்களுக்கு பதில் சொல்ல ரெண்டு மாசம் டைம் இருக்கு, வயித்துல பிள்ளையோட ரெண்டு மாசம்னா சும்மாவா, அதனால சீக்கிரம் போடுங்க. மாட்டேன்னு சொல்றதுக்கு முன்னாடி உங்களக் கூப்பிட்டுப் பேசியாகணும், சட்டத்துல இருக்கிற எட்டு காரணத்துல ஒண்ணு சொல்லணும், "இப்ப முடியாதும்மா"ன்னு காரணம் சொல்லாம தட்டிக்கழிக்க முடியாது.

நான் மூணு நாள் 12 மணி நேரத்துக்கு பதிலா நாலு நாள், 10லேர்ந்து 7 வரைக்கும், அதே 36 மணி நேரம்னு கேட்டேன், எட்டு மணிக்கு யார் என் இடத்துல நிக்கலாம்னு ரோட்டாவ (ஷிஃப்ட் அட்டவணை) பாத்து நானே ஒரு யோசனையும் எழுதிக் கொடுத்தேன். சட்டப்படி அது தேவையில்ல, ஆனா மேனேஜர் அதப் படிச்சப்புறம்தான் இறங்கி வந்தாங்க. பத்து நாள்ல ஓகே ஆச்சு.

ஸ்கேன், மிட்வைஃப் அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஆன்யுவல் லீவ் போடாதீங்க, போய் வர்ற நேரமும் சேர்த்து சம்பளத்தோட விடணும். ரெண்டாவது தடவையிலேர்ந்து அப்பாயின்ட்மென்ட் கார்டு கேக்கலாம். வீட்டுக்காரர் ரெண்டு அப்பாயின்ட்மென்ட்டுக்கு கூட வரலாம், அவருக்கு சம்பளம் தரணும்னு கட்டாயம் இல்ல.

ஸ்கில்டு வொர்க்கர் விசாவுல இருக்கிறவங்க ஹவர்ஸ் குறைச்சு சம்பளம் விசா லெவலுக்கு கீழ போனா விசாவுக்கே சிக்கல், ஹெச்ஆர்கிட்ட கேக்காம தொடாதீங்க. மெட்டர்னிட்டி லீவுல சம்பளம் குறையறது அந்தக் கணக்குல வராது. விசாவுல பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசாங்க உதவிப் பணம்) கூடாதுன்னு போட்டிருக்கேன்னு பயந்து மெட்டர்னிட்டி சம்பளத்தையே கேக்காம விட்டவங்கள பாத்திருக்கேன், மனசு கேக்கல. மெட்டர்னிட்டி சம்பளமும், அது கிடைக்காதவங்களுக்கு அரசாங்கம் தர்ற மெட்டர்னிட்டி அலவன்ஸும் பப்ளிக் ஃபண்ட்ஸ் கிடையாது. 15 வாரம் முன்னாடி வர்ற அந்த வாரத்துக்குள்ள அதே இடத்துல 26 வாரம் முடியலன்னா மெட்டர்னிட்டி சம்பளம் கிடைக்காது, அப்ப அலவன்ஸுக்கு அப்ளை பண்ணுங்க, டியூ டேட்டுக்கு முந்தின 66 வாரத்துல எந்த எந்த இடத்துல வேலை செஞ்சிருந்தாலும் 26 வாரத்த சேர்த்துக் காட்டலாம், பழைய பேஸ்லிப் எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க.

மாசமா இருக்கேன்னு சொன்ன அன்னைலேர்ந்து ஷிஃப்ட்ட வெட்டறாங்க, முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறாங்கன்னா தேதி போட்டு எழுதி வச்சுட்டு ஏகாஸ் (Acas, வேலை இடத்துப் பிரச்சனைக்கு ஆலோசனை சொல்ற அமைப்பு) ஹெல்ப்லைன் 0300 123 1100க்கு போன் பண்ணுங்க, ஆலோசனைக்கு காசு கேக்க மாட்டாங்க, பேரும் சொல்ல வேண்டியதில்ல.