கியோட்டோவில் குடியேறுவது எப்படி: பெயர், முகவரி, தோசைக்கல், மஞ்சள் பை

கியோட்டோ என்று தமிழில் தேடினால் பொற்கோயிலும் செர்ரிப் பூவும்தான் வந்து நிற்கும். ஒரு அறைக்குச் சாவி வாங்கி, பெட்டியை வெறும் தரையில் இறக்கிவிட்டு ‘சரி, அடுத்து என்ன?’ என்று நிற்பவருக்கு அது எதுவும் உதவாது. நான் சில வருடங்கள் கமிக்யோ வார்டில், இமாதேகாவா பக்கத்தில் ஒரு மாடி அறையில் இருந்தேன். அங்கே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, எந்த வரிசையில் செய்தால் அலைச்சல் குறையுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன். விசா, டிக்கெட், வீடு பார்ப்பது எல்லாம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

வரிசையை மாற்றாதீர்கள். முகவரி பதியாமல் போன் கிடைக்காது, போன் எண் இல்லாமல் வங்கியில் நுழைய முடியாது, வங்கிக் கணக்கு இல்லாமல் மற்றது எதுவும் நகராது.

1. முதலில் உங்கள் பெயரை முடிவு செய்யுங்கள்

சிரிக்க வேண்டாம். இதுதான் தமிழ் ஆட்களுக்கு அதிக நாள் தின்னும் படி. பொதுவான ஆங்கில வழிகாட்டிகளில் இது ஒரு வரிகூட இருக்காது, ஏனென்றால் அவர்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது.

கன்சாய் விமான நிலையத்தில் இறங்கியதும் குடியிருப்பு அட்டை தருவார்கள். ஜப்பானிய மொழியில் ஜைர்யூ கார்டு. பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதே ரோமன் எழுத்துதான் அதிலும் இருக்கும். சிக்கல் அதற்குப் பிறகு. வார்டு அலுவலகம், வங்கி, போன் கடை, சம்பளம் போடும் அலுவலகம் என்று ஒவ்வொரு இடத்திலும் உங்கள் பெயரைக் கதகானாவில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுதப் பயன்படும் ஜப்பானிய எழுத்தில், எழுதச் சொல்வார்கள். அந்த எழுத்துவரிசையில் ல, ள, ழ, ர நான்குக்கும் ஒரே இடம்தான். மெய்யெழுத்தில் முடியும் பெயருக்கு ஓர் உயிரெழுத்தை ஒட்டியாக வேண்டும். ‘செந்தில்குமார்’ என்பது ‘செந்திருகுமாரு’ ஆகிவிடும். அதையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். ‘மா’வை நீட்டலாம், நீட்டாமலும் விடலாம். ‘தி’ என்ற ஒலிக்குத் ‘தெ’ எழுத்தும் பக்கத்தில் ஒரு சின்ன ‘இ’யும் போட வேண்டும்.

இந்தச் சின்ன ‘இ’தான் ஆளை அலைக்கழிக்கும். ஜப்பானிய வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் முறையில் சின்ன எழுத்துகள் கிடையாது, எல்லாம் பெரிய எழுத்தாக மாறிவிடும். அதனால் பாஸ்புக்கில் உங்கள் பெயர் ‘செந்தெஇரு’ என்று இருக்கும். நீங்கள் படிவத்தில் ‘செந்திரு’ என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். கணக்கு எண் சரியாக இருந்தாலும் பெயர் ஒத்துப்போகவில்லை என்று பணம் திரும்பிப் போகும். எனக்கு முதல் உதவித்தொகை வர வேண்டிய தேதியில் வராமல் போனதும் இப்படித்தான். வங்கியில் கேட்டால் அனுப்பியவரைக் கேட்கச் சொன்னார்கள், அனுப்பியவர் வங்கியைக் கேட்கச் சொன்னார். கடைசியில் பாஸ்புக்கின் முதல் பக்கத்தை நகல் எடுத்துப் படிவத்தோடு பின் அடித்துக் கொடுத்ததும் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

ஆக, செய்ய வேண்டியது:

கிளம்புவதற்கு முன்பே கதகானாப் பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வையுங்கள். ஜப்பானிய மொழி தெரிந்த யாரிடமாவது ஒருமுறை காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். பிறகு அது அழகாக இல்லை என்று தோன்றினாலும் மாற்றாதீர்கள். எல்லா இடத்திலும் அதே எழுத்து, அதே இடைவெளி, அதே வரிசை. பணம் வர வேண்டிய இடத்தில் மட்டும் பாஸ்புக்கில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதிக் கொடுங்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதா? நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஜப்பானிய இணையப் படிவங்களில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம், இரண்டும் கட்டாயம். ஒன்றைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. இன்னும் விசாவுக்கு விண்ணப்பிக்கவில்லை என்றால், பாஸ்போர்ட்டைத் திருத்தி அப்பா பெயரையோ வேறு ஒன்றையோ குடும்பப் பெயராகப் பிரித்துக்கொண்டு வாருங்கள். அதுதான் நிம்மதி. நேரம் இல்லை என்றால் செயலியை நம்பாமல், எல்லாக் கணக்கையும் கவுன்டரில் நேரில் போய்த் திறங்கள். அங்கே ஒரு மனிதர் எழுந்து உள்ளே போய், பெரியவரிடம் கேட்டுவிட்டு வந்து, எப்படி நிரப்புவது என்று சொல்வார். செயலிக்கு உள்ளே போய்க் கேட்க யாரும் இல்லை.

2. வார்டு அலுவலகம்

குடிபோன நாளிலிருந்து 14 நாட்களுக்குள் பதிய வேண்டும். கியோட்டோ நகரத்தில் 11 வார்டுகள். உங்கள் வார்டு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். குடியிருப்பு அட்டை, பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தத்தின் நகல், அந்தத் துண்டுச்சீட்டு நான்கும் கையில் இருக்கட்டும்.

முகவரியைப் பதிந்ததும் அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்துத் தருவார்கள். வந்த வேலை முடிந்தது என்று வெளியே வந்துவிடாதீர்கள். அதே கட்டடத்தில் தேசிய மருத்துவக் காப்பீட்டு கவுன்டர் இருக்கும். மாணவர்கள் அங்கே சேர்ந்தே ஆக வேண்டும். சேர்ந்த பிறகு மருத்துவச் செலவில் 30 சதவீதம்தான் உங்கள் பங்கு. கடந்த வருடம் ஜப்பானில் வருமானம் இல்லை என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் சந்தா கணிசமாகக் குறையும். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நீங்களாகக் கேளுங்கள். 20 வயது ஆனவர்கள் ஓய்வூதியத் திட்டத்திலும் சேர வேண்டும். மாணவர்களுக்குச் சந்தாவைத் தள்ளிவைக்கும் விண்ணப்பம் உண்டு, அதையும் அதே மூச்சில் கொடுத்துவிடுங்கள். மைநம்பர் என்ற 12 இலக்க அடையாள எண் தபாலில் வரும்.

குடியிருப்புச் சான்றிதழ், ஜூமின்ஹ்யோ, இரண்டு பிரதி வாங்கி வையுங்கள். ஒன்று எங்காவது தேவைப்படும்.

3. முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இது கியோட்டோவுக்கே உரிய விசேஷம். ஜப்பானின் மற்ற ஊர்களில் தெருவுக்குப் பெயரே பெரும்பாலும் இருக்காது, பகுதிப் பெயரும் எண்களும்தான். கியோட்டோவின் பழைய நகர்ப் பகுதியில் மட்டும் வீதிகளை வைத்து வழி சொல்வதுபோலவே முகவரி எழுதுவார்கள். கமிக்யோ வார்டு அலுவலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: இமாதேகாவா வீதி, முரோமாச்சி, நிஷி-இரு. அதாவது இமாதேகாவா வீதியில், முரோமாச்சி வீதி குறுக்கிடும் இடத்திலிருந்து மேற்கே போ. நகராட்சி மன்றம் தெராமாச்சி வீதியில் ஒய்கேயிலிருந்து ‘அகாரு’, அதாவது வடக்கே. ‘சகாரு’ என்றால் தெற்கே. ‘ஹிகாஷி-இரு’ என்றால் கிழக்கே. வடக்கே மலை, அரண்மனையும் வடக்கே, அதனால் வடக்கே போவது ஏறுவது. கிட்டத்தட்ட 1,200 வருடத்துக்கு முன் சதுரம் சதுரமாகத் திட்டமிட்ட தலைநகரம் என்பதால் இது இன்னும் செல்லுபடியாகிறது.

படிவத்தில் இது தொல்லை. அஞ்சல் எண்ணை அடித்ததும் தானாக வரும் முகவரியில் இந்த வழிப் பகுதி சில சமயம் வரும், சில சமயம் வராது. ஒரே வார்டுக்குள் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேட்டைகள் இருப்பதால், வழிப் பகுதியை விட்டால் பார்சல்காரர் வேறு பேட்டையில் போய் நிற்பார். அட்டையின் பின்பக்கத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். இடம் போதவில்லை என்றால் கட்டடத்தின் பெயரைச் சுருக்குங்கள், வழியைச் சுருக்காதீர்கள்.

இதில் ஒரு லாபமும் உண்டு. பழகிவிட்டால் வரைபடமே வேண்டாம். சைக்கிளில் போகிறபோது வடக்கே மிதிப்பது கொஞ்சம் கனமாக இருக்கும், ஊரே வடக்கே உயர்ந்துகொண்டு போகிறது. கால் வலிக்கிறது என்றால் அகாரு!

4. போன், வங்கி

சிம் கார்டுக்குப் பெரிய கடைகள் வேண்டியதில்லை, மலிவு நிறுவனங்கள் போதும். ஆனால் டேட்டா மட்டும் உள்ள சிம் வாங்காதீர்கள், பேசும் எண் இல்லாமல் வங்கியில் வேலைக்கு ஆகாது.

வங்கியில், வந்து 6 மாதம் ஆகாத மாணவர்களை அந்நியச் செலாவணிச் சட்டப்படி ‘குடியிருப்பாளர் அல்லாதவர்’ என்று கணக்கில் கொள்வார்கள். கணக்கு திறந்தாலும் சில பரிமாற்றங்கள் நடக்காது. வேலைக்கு வந்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது, வேலைச் சான்றைக் காட்டினால் போதும். என் விருப்பம் தபால் நிலைய வங்கிதான். மூலைக்கு மூலை தபால் நிலையம் இருக்கிறது, பாஸ்புக் கையில் இருக்கிறது, பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். பெயர் பொறித்த முத்திரை கேட்கிறார்களா, கையெழுத்து போதுமா என்று முன்பே விசாரியுங்கள்.

5. கேஸ், மின்சாரம், தோசை

மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் இணையத்தில் பதிந்தால் போதும். கேஸ் திறக்க மட்டும் ஆள் நேரில் வருவார், நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் ஊரே வீடு மாறும். முன்பதிவு செய்யாவிட்டால் சில நாள் பச்சைத் தண்ணீர்க் குளியல்தான், அதுவும் கியோட்டோ குளிரில்.

பழைய அடுப்பு வாங்குகிறீர்களா? பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். நகரக் குழாய் கேஸுக்கு 13ஏ என்று இருக்கும். சிலிண்டர் கேஸ் அடுப்பு அதில் ஆகாது, ஆபத்தும்கூட. டோக்கியோவிலிருந்து யாராவது பழைய மைக்ரோவேவ் கொடுத்தால் யோசியுங்கள். கிழக்கு ஜப்பானில் 50 ஹெர்ட்ஸ், இங்கே 60. இரண்டுக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மிக்சியை ஊரிலிருந்து தூக்கி வராதீர்கள். இங்கே 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்சி முனகுமே தவிர தேங்காயை அரைக்காது. அமெரிக்காவுக்கென்று விற்கும் 110 வோல்ட் மிக்சி நன்றாகவே ஓடுகிறது, சட்னிக்குக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

இப்போது தோசை. 2008க்குப் பிறகு வந்த பெரும்பாலான வீட்டு கேஸ் அடுப்புகளில் பர்னரின் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு குமிழ் இருக்கும். பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு சூட்டைப் பார்க்கும். சுமார் 250 டிகிரி வந்ததும் தீயைத் தானே குறைத்துவிடும், இல்லையென்றால் அணைத்துவிடும். எண்ணெய் தீப்பிடிக்காமல் இருக்க வைத்த ஏற்பாடு, நல்லதுதான். ஆனால் இரும்புத் தோசைக்கல் காய்ந்து, முதல் கரண்டி மாவை ஊற்றி வட்டமாக இழுத்துக்கொண்டிருக்கும்போது ‘பீ’ என்று கத்திவிட்டுத் தீ சுருங்கும். மாவு வேகாமல் வெளுத்துப்போய்க் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்பின் முன்பக்கத்தில் ‘கோஒன் இதமே’ (அதிகச் சூட்டில் வதக்குதல்) என்ற பொத்தானைத் தேடுங்கள். சில நொடி அழுத்திப் பிடித்தால் வரம்பு உயரும். ஒவ்வொரு முறை அடுப்பு பற்றவைக்கும்போதும் மறுபடி அழுத்த வேண்டும்.

6. குப்பை

கியோட்டோவில் 2006 அக்டோபரிலிருந்து காசு கொடுத்து வாங்கிய பையில்தான் குப்பை போட வேண்டும். எரிக்கும் குப்பைக்கு மஞ்சள் பை, லிட்டருக்கு 1 யென் கணக்கு. 45 லிட்டர் பை 45 யென். டின், பாட்டில், பிளாஸ்டிக் வகைகளுக்கு உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பை, அது பாதி விலை. எந்தக் கடையிலும் கிடைக்கும். தனி ஆளுக்கு 10 லிட்டர் பை போதும். வெயில் காலத்தில் பெரிய பையை நிரப்பக் காத்திருந்தால் அறை நாறும்.

எரிக்கும் குப்பை வாரம் இரண்டு நாள், மற்றவை வாரம் ஒரு நாள், சின்ன உலோகமும் ஸ்பிரே டின்னும் மாதம் ஒரு நாள். காலை 8 மணிக்குள் வைத்துவிட வேண்டும். முந்தின இரவே வைத்தால் காக்கைகள் கிழித்துப் போடும். பைகளுக்கு மேல் வலை இருந்தால் உங்கள் பையை வலைக்கு உள்ளே தள்ளி, ஓரத்தை மடித்து விடுங்கள். என் கட்டடத்துக்கு எதிர்வீட்டுப் பாட்டி தினமும் வாசல் பெருக்குவார். தன் வாசலோடு பக்கத்து வாசலின் எல்லையை ஒரு சாண் மட்டும் தாண்டிப் பெருக்கி நிறுத்திவிடுவார். அதற்கு மேல் போனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடன்பட்ட மாதிரி ஆகிவிடுமாம், குறைத்தால் மரியாதை இல்லையாம். வலையை ஒழுங்காக மூட ஆரம்பித்த பிறகுதான் அவர் எனக்குக் காலை வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

தட்டு, கிண்ணம் வாங்க ஹோம் சென்டர் போகாதீர்கள். ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி தோஜி கோயிலிலும், 25ஆம் தேதி கிதானோ தென்மாங்கு கோயிலிலும் சந்தை கூடும். சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் போனால் விலை இறங்கும்.

7. சைக்கிள்

ஊர் திரும்பும் மாணவரிடம் பழைய சைக்கிள் வாங்கினால், அவர் கையெழுத்திட்ட மாற்றுச் சீட்டும் பழைய பதிவுச் சீட்டும் சேர்த்து வாங்குங்கள். கடையில் உங்கள் பெயருக்குப் பதிவை மாற்றிய பிறகே ஓட்டுங்கள். இரவில் போலீஸ்காரர் நிறுத்தி எண்ணைச் சரிபார்ப்பது சகஜம். கியோட்டோவில் 2018 ஏப்ரலிலிருந்து சைக்கிளுக்குக் காப்பீடும் கட்டாயம். கடையில் சரிபார்த்து டிஎஸ் முத்திரை ஒட்டினால் அதிலேயே ஒரு வருடக் காப்பீடு அடக்கம். ஓட்டிக்கொண்டே போன் பார்க்காதீர்கள், 2024 நவம்பரிலிருந்து அதற்கு ஒரு லட்சம் யென் வரை அபராதமோ சிறையோ உண்டு.

பிற்சேர்க்கை

கொழும்பிலிருந்து வந்த ஒரு வாசகர் எழுதியிருந்தார்: அவர் பெயர் நீளம், வங்கிப் படிவத்தின் கட்டம் பாதியிலேயே முடிந்துவிட்டது. இப்படி ஆனால் அவர்கள் எந்த எழுத்தோடு வெட்டினார்கள் என்பதைப் பாஸ்புக்கில் பார்த்து, அந்த வெட்டிய பெயரையே சம்பள அலுவலகத்துக்குக் கொடுங்கள். முழுப் பெயரைக் கொடுத்தால் பணம் திரும்பும்.

தோசை பற்றித்தான் அதிகக் கடிதங்கள். அந்தப் பொத்தான் இல்லாத அடுப்பு என்றால், சின்ன கேஸ் டப்பா போடும் மேசை அடுப்பு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் இந்தக் குமிழ் கிடையாது. ஆனால் கல் பெரிதாக இருந்து டப்பா இருக்கும் பக்கத்தையும் மூடினால் டப்பா சூடாகி வெடிக்கும். கல்லின் விட்டத்தை அளந்துவிட்டு அடுப்பு வாங்குங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். காலி டப்பாவில் கேஸ் மிச்சமில்லாமல் தீர்த்துவிட்டு, மாதம் ஒருமுறை வரும் உலோக நாளில் போடுங்கள், மஞ்சள் பையில் போடக் கூடாது.