கட்சி மாறிய புரட்சியாளர்கள்: பிலிப்பைன்ஸ் வரலாற்றைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பெயினுக்கு எதிரான பிலிப்பைன்ஸ் புரட்சியைப் படிப்பவர்கள் பலர், தலைவர்களைத் தியாகி, துரோகி என்று முதலிலேயே பிரித்துவிடுகிறார்கள். 1896-க்கும் 1899-க்கும் இடையில் ஒரே மனிதர் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார். யார் பக்கம் என்பதற்கு முன், எந்த மாதம், யார் பிடியில் என்று கேளுங்கள்.

ஸ்பானிய ஆட்சியைச் சாடி நாவல்கள் எழுதிய ஹோசே ரிசால் விஷயத்தில்தான் இந்தத் தவறு அதிகம். 1896 டிசம்பர் 15 அன்று அவர் எழுதிய அறிக்கை ஆயுதக் கிளர்ச்சியைக் கண்டிக்கிறது. அந்த வரிகளை மட்டும் காட்டி அவரைப் புரட்சியின் எதிரி ஆக்கிவிடுகிறார்கள். மணிலாவின் சாந்தியாகோ கோட்டைக்குள், விசாரணைக் கைதியாக அவர் எழுதியது அது. ஸ்பானிய ராணுவச் சட்ட அதிகாரியே அதை வெளியிட வேண்டாம் என்று பரிந்துரைத்தார். கிளர்ச்சிக்கு இது நேரமில்லை என்கிறாரே ஒழிய, விடுதலைக் கனவை ரிசால் விடவில்லை என்று அந்த அதிகாரி கணித்தார். டிசம்பர் 30 அன்று ரிசாலைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்காக அவரை மறைமுகக் கிளர்ச்சித் தலைவராகக் காட்டுவதும் சரியல்ல. 1895-இன் இறுதியில் கியூபாவில் ஸ்பானியப் படைக்கு மருத்துவராகப் பணியாற்ற அவரே முன்வந்திருந்தார். இரண்டையும் சேர்த்தே அவரைப் படிக்க வேண்டும்.

எல்லாப் பிளவுக்கும் ஸ்பெயினைக் காரணம் காட்டுவது அடுத்த தவறு. கதிபுனான் என்ற ரகசியப் புரட்சி இயக்கத்தைக் கட்டிய ஆந்திரே போனிபாசியோவை 1897 மே 10 அன்று கொன்றவர்கள் புரட்சியின் இன்னொரு தலைவரான எமிலியோ அகினால்டோவின் ஆட்கள்.

அந்த அகினால்டோ அதே ஆண்டு டிசம்பரில், பணம் பெற்றுக்கொண்டு நாட்டை விட்டுப் போவதாக ஸ்பெயினோடு செய்த பியாக்-நா-பாத்தோ உடன்படிக்கைக்கு இணங்கி ஹாங்காங் போனார். பணத்துக்கு விலைபோனார் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். பேசிய தொகை 8 லட்சம் பெசோ; முதல் தவணையாக வந்த 4 லட்சம் ஹாங்காங் வங்கியில் போடப்பட்டது. 1898-இல் புரட்சியாளர்கள் வாங்கிய ஆயுதங்களுக்கு அந்தப் பணமே உதவியது.

இந்த நிதானத்தை எல்லோருக்கும் ஒரே அளவில் காட்டவும் கூடாது. அந்த உடன்படிக்கைக்குத் தூது போன பெத்ரோ பாத்தெர்னோ, பிரதிபலனாக ஸ்பெயினிடம் டியூக் பட்டம் கேட்டார். 1898 மே மாதம் ஸ்பெயினுக்கு ஆதரவாக அறிக்கை விட்டார். செப்டம்பரில், மலோலோஸ் ஊரில் கூடிய புரட்சியாளர்களின் சட்டமன்றமான மலோலோஸ் காங்கிரஸின் தலைவரானார். பிறகு, ஸ்பெயினுக்கு அடுத்து நாட்டைப் பிடித்த அமெரிக்கர்களோடும் இணங்கிப்போனார். எந்தக் கோட்டையும் அவரைப் பூட்டி வைத்து எழுத வைக்கவில்லை. அவரிடம் கடுமை காட்டலாம் என்றே நினைக்கிறேன்.

அந்தோனியோ லூனாவை அவரோடு சேர்க்காதீர்கள். 1896-இல் கைதானபோது லூனா கிளர்ச்சியைக் கண்டித்து, மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தார். அது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஸ்பெயினில் சிறையிருந்து, போர்க்கலை கற்றுத் திரும்பியவர், அமெரிக்கர்களை எதிர்த்த படைக்குத் தளபதியானார். 1899 ஜூன் 5 அன்று கபனாதுவானில் அவரைக் கொன்றவர்கள் அகினால்டோவின் சொந்த ஊரான கவித்தைச் சேர்ந்த வீரர்கள்.

ஸ்பெயினிடம் எடுத்த நிலையையும் அமெரிக்காவிடம் எடுத்த நிலையையும் குழப்பினால், அகினால்டோவின் ஆலோசகராக இருந்த அப்போலினாரியோ மபினிக்கு அநீதி செய்வோம். கால்கள் செயலிழந்த அவர், அமெரிக்காவுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்து 1901-இல் குவாம் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். 1903-இல் அந்த உறுதிமொழியை எடுத்தது தாய்மண்ணுக்குத் திரும்புவதற்காக. வந்த சில மாதங்களிலேயே காலராவில் இறந்துபோனார்.