ஆல்தோவா, டிஸ்பைட்டா: மூன்று நாள் தலையிடி தீர்ந்த விதம்

மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது. ஆங்கிலத்தில் இணைப்புச் சொல் நிரப்பும் கேள்வி என்றால் பத்துக்கு நாலுதான் சரி. கல்லடி வீட்டு விறாந்தையில் மூன்று நாள் மினக்கெட்டோம்.

முதலில் தமிழ் அர்த்தம் எழுதிப் பாடமாக்கினாள். பலனில்லை, ஆல்தோ (although), டிஸ்பைட் (despite) இரண்டுக்கும் 'இருந்தும்' என்றே வந்தது. அப்புறம் கடந்தகால வினாத்தாள்களைக் கூட்டினோம். அதே பிழைகள்.

நாலாம் நாள் பிழைவிட்ட வசனங்களை மட்டும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதினேன். அப்போதுதான் பிடிபட்டது: அர்த்தம் சரி, இடைவெளிக்குப் பின்னால் இருப்பதைத்தான் அவள் பார்க்கவில்லை. 'த ஹெவி ரெயின்' என்று வெறும் பெயர்ச்சொல் வந்தால் டிஸ்பைட். 'இட் வாஸ் ரெயினிங்' என்று எழுவாயும் வினையும் வந்தால் ஆல்தோ. பிகாஸ் ஒஃப், பிகாஸ் இரண்டுக்கும் இதே கணக்குத்தான். ஏமாற்றுவது 'பீயிங் சிக்' மாதிரியான ஐஎன்ஜி வடிவம். பார்த்தால் வினை போலிருக்கும், ஆனால் பெயர்ச்சொல்லின் வேலையைச் செய்கிறது, அங்கேயும் டிஸ்பைட்தான்.

ஆல்தோ போட்ட வசனத்தின் நடுவே பட் சேர்க்கும் பழக்கமும் இருந்தது. இரண்டில் ஒன்று போதும்.

நேற்றுப் பத்துக்கு ஒன்பது. தவறிய ஒன்று அன்லெஸ்: அதற்குள்ளேயே 'இல்லாவிட்டால்' இருக்க, பின்னால் இன்னொரு நொட் போட்டுவிட்டாள்.