பழைய நினைவுகளை எழுத உட்காருகிறவர்களுக்கு

ஐம்பது வயதைத் தாண்டிய நம்மவர்கள் பலருக்கும் "என் கதையை எழுதிவைக்கணும்" என்று ஓர் ஆசை இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் முதல் வரியே "வாழ்க்கை எனக்குக் கற்றுத்தந்த பாடம்" என்று வருகிறது, அதோடு நின்றும் போகிறது. என் வேண்டுகோள் ஒன்றுதான்: பாடத்தைக் கடைசிவரை தொடாதீர்கள். இடத்தை எழுதுங்கள், சாமானை எழுதுங்கள், யார் எங்கே உட்கார்ந்து என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். சிங்கப்பூரில் வளர்ந்தவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஊரில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு அவர் படித்த பள்ளிக்கூடமும் குளித்த குளமும் அங்கேயே இருக்கலாம், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதிவிடுவார், நம்மில் பலருக்கோ நாம் ஓடி விளையாடிய அடுக்குமாடி புளோக்கே இப்போது இல்லை.

முதலில் எழுதவேண்டாம், வரையுங்கள். சின்ன வயதில் இருந்த வீட்டின் படத்தை ஒரு முழுத்தாளில் போடுங்கள், அழகாக வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாமி படம் எந்தச் சுவரில், தையல் மிஷின் எந்த மூலையில், அரிசி டின் எங்கே, ராத்திரி யார் பாய் எங்கே விரிந்தது என்று குறியுங்கள். அப்புறம் கதவைத் திறந்து வராந்தாவுக்கு வாருங்கள். எந்தக் கதவு யாருடையது? எந்த வீட்டிலிருந்து நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் வந்தது, தீபாவளிக்கு நம் வீட்டு முறுக்கு எத்தனை வீட்டுக்குப் போனது? இதை வரைந்து முடிப்பதற்குள் எழுதவேண்டிய சம்பவங்கள் தானாக வரிசைகட்டி நிற்கும், ஒவ்வொன்றையும் ஓரத்தில் இரண்டு சொல்லாகக் குறித்துவைத்தால் போதும்.

பிடித்த புத்தகங்களைப் பற்றி எழுத நினைக்கிறவர்கள் பத்துப் பெயர்களைப் பட்டியல் போடவேண்டாம். ஒன்றே ஒன்றை எடுங்கள். அது யார் கையிலிருந்து உங்கள் கைக்கு வந்தது என்பதில் தொடங்குங்கள். வார இதழ்த் தொடர்களைக் கிழித்து அடுக்கி பைண்டு செய்துவைத்த அத்தை ஒருவர் நிறையக் குடும்பங்களில் இருந்திருப்பார், அவரைப் பற்றி எழுதாமல் அந்தக் கதையைப் பற்றி எழுத முடியாது. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருந்த சிவப்புச் செங்கல் தேசிய நூலகத்தில் இரவல் வாங்கியிருந்தால் அந்தக் கட்டடத்தையும் எழுதுங்கள். 1960இல் திறந்து 2004இல் மூடி, சுரங்கச் சாலைக்காக இடித்துவிட்டார்கள், உங்கள் பேரப்பிள்ளை அதைப் பார்க்கப்போவதில்லை. பிறகு அதே புத்தகத்தை இப்போது ஒருமுறை படியுங்கள். பதினைந்து வயதில் தாவிச் சென்ற பக்கங்களில் இன்று எங்கே நிற்கிறீர்கள், அன்று அழுத இடத்தில் இன்று என்ன தோன்றுகிறது, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், ஒன்றாகக் குழைக்காதீர்கள்.

பயணத்துக்கு வருவோம். இதில் எனக்கு மிகவும் பிடித்த வழி, மூட்டையிலிருந்து தொடங்குவது. ஊருக்குப் போகும்போது பெட்டியில் என்ன போனது? கோடாலித் தைலம் எத்தனை போத்தல், கைலி யாருக்கு, நல்ல சோப்பு யாருக்கு, ஒன்றும் வாங்காமல் விட்டது யாருக்கு? அந்தப் பட்டியலை ஒழுங்காக எழுதினாலே ஒரு குடும்பத்தின் பாசமும் பிணக்கும் முழுதாக வெளியே வந்துவிடும். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் கப்பலைப் பற்றிக் கேளுங்கள். ஊருக்கும் இங்குமாக ஓடிய ரஜூலா என்ற கப்பலின் பெயரைச் சொன்னதும் முகம் மாறுகிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 தீ விபத்தோடு நின்றுபோனது. கப்பல் இல்லாவிட்டால் ரயில்: தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து மலேசியாவுக்கு அது போனது 2011 ஜூன் 30 வரைதான். அங்கே ஏறி இறங்கியவர்கள் எல்லாரிடமும் ஒரு கதை உண்டு.

பெரியவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "அந்தக் காலத்துல வாழ்க்கை எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டால் "கஷ்டந்தான்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். "கம்பத்து (கிராமத்து) வீட்டுல தண்ணி எங்கேருந்து எடுத்தீங்க? யார் தூக்கிட்டு வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், அரைமணி நேரம் பேசுவார்கள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைபார்த்த தாத்தாவிடம் 1971இல் வெள்ளைக்காரர்கள் படையை மீட்டுக்கொண்டபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்பதைவிட, அந்த மாதம் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பூ கட்டும்போதோ வெங்காயம் உரிக்கும்போதோ கேட்பது நல்லது, கை வேலையில் இருந்தால் பேச்சு தடையில்லாமல் வரும். பதிவு செய்வதாக இருந்தால் அனுமதி கேட்டுவிட்டுக் கைப்பேசியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள். அழுதால் நிறுத்திவிடுங்கள், அன்றைக்கு அது போதும்.

எழுதியதைச் சரிபார்க்க நமக்கு இங்கே இருக்கும் வசதி கொஞ்சநஞ்சமல்ல. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் இருக்கின்றன, தேதிவாரியாகப் புரட்டலாம், சிலவற்றை மட்டும் நூலகத்துக்கே போய்ப் பார்க்கவேண்டிவரும். நீங்கள் பிறந்த வாரத்து இதழைத் திறந்து பாருங்கள், விளம்பரங்களை விட்டுவிடாதீர்கள், அப்போது என்ன விற்றது, என்ன படம் ஓடியது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979இலிருந்து ஆட்களைப் பேசவைத்துப் பதிவுசெய்கிறது, தமிழிலும் பேட்டிகள் உண்டு. உங்கள் பேட்டையைப் பற்றி வேறொருவர் சொல்வதைக் கேட்கும்போது மறந்துபோன பெயர்கள் திரும்பிவரும். ஆவணமும் உங்கள் நினைவும் ஒத்துப்போகாவிட்டால் நினைவை அழிக்காதீர்கள். "தேக்கா சந்தை எதிர்ப்பக்கம் இருந்ததாகவே எனக்கு ஞாபகம், 1982இல்தான் இப்போதைய இடத்துக்கு வந்ததாம்" என்று இரண்டையும் சேர்த்தே எழுதலாம், படிக்கிறவருக்கு அதில் கூடுதல் நம்பிக்கை வரும்.

சரி, அந்தப் பாடம்? எல்லாம் எழுதி முடித்துவிட்டு ஒரு மாதம் தள்ளிவையுங்கள். திரும்பப் படிக்கும்போது எந்த இடத்தில் தொண்டை அடைக்கிறதோ அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரி எழுதுங்கள், யாருக்கும் அறிவுரையாக இல்லாமல், அந்த நேரத்தில் நீங்கள் செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்று மட்டும். என் அனுபவத்தில் பிள்ளைகள் மடித்துவைத்துக்கொள்ளும் பக்கங்கள் இவைதான். உயிரோடு இருக்கிறவரைப் பற்றிக் கசப்பான விஷயம் எழுதியிருந்தால் மட்டும் அவரிடம் காட்டிவிட்டு வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

தமிழிலேயே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசிப்பது சிரமமாக இருந்தால் நீங்களே வாசித்து ஒலிப்பதிவும் செய்துவிடுங்கள், உங்கள் குரலில் கேட்டால் அவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். கைப்பேசியில் மட்டும் வைக்காமல் தாளில் அச்செடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். பழைய புகைப்படங்களின் பின்னால் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் இறங்கிவிடும், மென்மையான பென்சிலால் லேசாக, இடமிருந்து வலமாக எல்லார் பெயரையும் உறவுமுறையோடு எழுதுங்கள், ஆண்டு தெரியாவிட்டால் "அண்ணன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம்" என்றாவது.