குழல்வாய் வழியே குண்டு திணிக்கும் ரைபிளுக்கு எந்த ஈயம்?

அமெரிக்காவில் பழைய பாணி ரைபிளுக்குச் சொந்தமாகக் குண்டு வார்ப்பவர்கள், கிடைத்த ஈயத்தையெல்லாம் உருக்கிவிடுவது உண்டு. அதைச் செய்யாதீர்கள். இந்த வகைக்குச் சுத்தமான காரீயம்தான் சரி. உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவுகோலில் அது சுமார் 5. கார் சக்கர விளிம்பில் கொக்கியால் மாட்டும் ஈய எடையில், ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி என்ற தனிமம் கலந்திருக்கும். அது 10-ஐ ஒட்டி வரும்.

அடிப்பக்கம் குழிந்த மினியே குண்டுக்கு இந்த வித்தியாசம் மிக முக்கியம். 1861 ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளில் போட்டது இதைத்தான். குழலைவிடச் சற்றே சிறிதாக இருப்பதால் சுலபமாக உள்ளே இறங்கும். வெடிக்கும்போது வாயு அழுத்தத்தில் அதன் பாவாடை, அதாவது குழியைச் சுற்றியுள்ள மெல்லிய விளிம்பு, விரிந்து, குழலின் சுருள் வரிகளைப் பற்றிக்கொள்ளும். ஈயம் கடினமாக இருந்தால் பாவாடை சரியாக விரியாது. வாயு பக்கவாட்டில் கசியும், குறி தவறும். துணி சுற்றிய உருண்டைக் குண்டில் துணியே வரிகளைப் பிடிப்பதால், கொஞ்சம் கடினமானாலும் சமாளிக்கலாம். ஆனால் கலவை ஈயம் ஆறும்போது குறைவாகச் சுருங்குவதால் உருண்டை கொஞ்சம் பெரிதாக வரும். அப்போது மெல்லிய துணி போட்டுப் பாருங்கள்.

சோதிக்க எளிய வழி: நகத்தால் அழுத்திக் கீறுங்கள். சுத்த ஈயத்தில் கோடு விழும். அப்புறம் சிமெண்ட் தரையில் போடுங்கள். 'தொப்' என்றால் மென்மையானது. 'டிங்' என்று ஒலித்தால் கலவை.

உருக்குவதைத் திறந்தவெளியில் செய்யுங்கள். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது, வெடித்துத் தெறிக்கும். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.